வெர்லினின் ஏழு பெட்டிகள்

வெர்லின் டெஷ்ஷைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் ஊரில் இரண்டு பேர், "அடப்பாவமே, எப்போ போனான்?" என்று கேட்டார்கள். அவன் எங்கேயும் போகவில்லை. அறுபத்தாறு வயது, என் வயதுதான். வில்லோ ஃபோர்க் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து என் மதியச் சாப்பாட்டைத் திருடித் தின்றவன். செத்தவர்களைப் பற்றி எழுதினால் எல்லோரும் தங்கமாகிவிடுகிறார்கள். அதனால் ஆள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுவது எனக்கு வசதி.

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தான். கம்பெனி எங்கள் ஊர் அலுவலகத்தை மூடியபோது ஒரு கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கம்பம் ஏறும் பெல்ட்டை இவன் திருப்பித் தரவில்லை. ஓய்வுபெற்ற ஆண்கள் மொன்டானாவில் மீன் பிடிப்பார்கள், இல்லையென்றால் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். வெர்லின், காசு வாங்காமல் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கினான். மூன்றாவது மாதமே, வில்லோ ஃபோர்க்கிலிருந்து தலைநகர் ஹெலினா வரைக்கும் கம்பி இல்லாமல், கம்பெனி இல்லாமல், மாசாமாசம் பில் இல்லாமல் எழுத்தை அனுப்பிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

காட்டியும் விட்டான், அதை நான் மறுக்கவில்லை. இருநூற்றுத் தொண்ணூறு மைல், நடுவே ஏழு முகடு, முகட்டுக்கு ஒரு பெட்டி. டாக்ஸிக்காரர்கள் தூக்கிப்போட்ட ரேடியோ, எழுத்தைக் கீச்சுச் சத்தமாக மாற்றும் ஒரு சின்னப் பலகை, கார் பேட்டரி, சாலை அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றிப்போட்ட சூரியத் தகடு. இத்தனையையும் ராணுவத்தில் தோட்டா வைக்கும் தகரப் பெட்டிக்குள் திணித்து, பாழடைந்த கோபுரங்களின் உச்சியில் கட்டினான். மொத்தச் செலவு ஒரு நல்ல பசு மாட்டின் விலைகூட வராது. இந்தப் பக்கம் தட்டினால் முகடு முகடாகத் தாவி அந்தப் பக்கம் எழுத்தாக வந்து விழும். ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் நிதானமாக ஒரு காபி குடிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், கூட்டம் இருந்தால் காபிப் பானையையே காலி செய்துவிடலாம்.

சரி, ஒன்பது வருஷமாக அந்த வலை எதைச் சுமந்தது? இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எங்கள் ஊர் ஹாம்காரர்களின் கிளப்புக்கு நான்தான் செயலாளர். சனிக்கிழமை காலையில் ஊரிலேயே இலவசமாக டோனட் கிடைக்கிற ஒரே இடம் என்பதால் உரிமம் வாங்கிச் சேர்ந்தவள். எல்லாச் செய்திகளையும் பதிவுப் புத்தகத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன். "தெரிகிறதா?" "தெரிகிறது. அங்கே?" "இங்கேயும் தெரிகிறது." "நல்லது." மறுவாரமும் அதேதான். குரலில் பேசும்போது இன்னும் மோசம். எதிராளியின் சத்தம் எப்படி வருகிறது என்பதற்கு அவர்கள் மதிப்பெண் கொடுப்பார்கள். மிக உயர்ந்தது ஃபைவ் நைன். அதற்குக் குறைத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று எல்லோரும் எல்லோருக்கும் அதையே கொடுப்பார்கள். "ஃபைவ் நைன், பிரமாதமா வர்றீங்க! உங்க பேரு புரியல, ஊரும் புரியல, கொஞ்சம் மூணு தடவ சொல்லுங்க" என்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

வெர்லினின் மனைவி ஆர்டா, பள்ளி பஸ் ஓட்டுகிறவள், ஒரே ஒருமுறை இந்த வலையைப் பயன்படுத்தப் பார்த்தாள். பஸ்ஸுக்கு ஒரு டயர் வேண்டும், ஹெலினாவில் ஒரு கடையில் இருக்கிறதா என்று கேட்டுச் சொல் என்றாள். ஹாம் சட்டப்படி வியாபாரச் செய்தி கூடாது. டயர் விசாரிப்பது வியாபாரமா, நட்பா என்று கிளப் தலைவர் டேரல் குவிஸ்ட் மூன்று கூட்டம் நடத்தினார். மூன்றாவது கூட்டத்துக்கு ஆர்டா புது டயரிலேயே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனாள்.

ஆனால் வெர்லினுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான்.

"ஒரே ஒரு உண்மையான செய்தி, நோலா. யாருக்காவது நெஜமாவே அவசரம், வேற வழியே இல்ல, என் பெட்டி வழியாத்தான் போகணும். ஒண்ணு போதும். அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"ஊர்ல எல்லாரும் நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கல" என்றேன்.

"அப்படி இல்ல" என்றான். கொஞ்சம் அப்படியும்தான்.

போன மார்ச்சில் ஆற்றில் பனிக்கட்டி உடைந்து, பாளம் பாளமாக வந்து அடைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை காலையில் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. எங்களுக்குப் போன் கொடுப்பது ஒரு கம்பெனி, இணையம் கொடுப்பது இன்னொன்று, செல்போன் கோபுரம் வேறு இரண்டு பேருடையது. நாலு கம்பெனி, நாலு விளம்பரம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கிறது என்று நாங்களும் நம்பியிருந்தோம். நாலு பேருடைய கம்பியும் ஒரே பாலத்துக்கு அடியில்தான் போயிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்பக்க மலைப்பாதை ஆளுயரப் பனிக்குள் இருந்தது. நானூறு பேர் தனித்தீவில் மாட்டிக்கொண்டோம்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கிளப் கொட்டகைக்கு நான் போனபோது வெர்லின் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். ஊரே தவித்துக்கொண்டிருக்கிறது, இவன் முகத்தில் கல்யாணக் களை.

பத்து மணிக்கு நர்ஸ் ராஸ்லின் வந்தாள். கையில் மடித்த ஒரு தாள். மாத்திரை தீரப்போகிறவர்கள் பட்டியல். பதினொரு பேர், இரண்டு மூன்று நாளுக்குமேல் யாரிடமும் கையிருப்பு இல்லை. ஹெலினாவுக்குத் தெரிந்தால் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து போடுவார்கள்.

வெர்லின் கை நீட்டினான். குவிஸ்ட் நடுவில் புகுந்தார்.

"கொஞ்சம் இருங்க. இது நோயாளிங்க விவரம். நம்ம சட்டப்படி எதையும் மறைச்சு அனுப்பக் கூடாது, எல்லாமே வெளிப்படை. இத அனுப்பினா மூணு மாநிலத்துல பெட்டி வெச்சிருக்கறவன் ஒவ்வொருத்தனும் படிப்பான். யாருக்கு என்ன சீக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்" என்றாள் ராஸ்லின். "பாதிப் பேர்கிட்ட கேட்டேன், சரின்னாங்க. மீதிப் பேர்கிட்ட கேக்க நேரமில்ல. அவங்க என்னைத் திட்டட்டும். திட்டறதுக்கு உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்."

"ஒரு கமிட்டி போட்டு..."

"குவிஸ்ட், டோனட்டக் கீழ வெச்சிட்டுப் பேசுங்க" என்றேன்.

ராஸ்லின் தாளை வெர்லினிடம் கொடுத்தாள். அவனை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். "மேலேர்ந்து கீழ வரைக்கும், ஒண்ணு விடாம அடி" என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

ஹெலினாவில் எல்டன் என்ற பழைய ரயில்வேக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். வெர்லின் முதல் வரியைத் தட்டினான்: "வில்லோ ஃபோர்க்கிலிருந்து அவசரச் செய்தி." ஒன்பது வருஷம் காத்திருந்த வரி.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. அவசரச் செய்தி என்ற சொல்லைப் பார்த்ததும் மூன்று மாநிலத்து ஹாம்காரர்களும் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல எழுந்து எங்கள் வலைக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் வாழ்த்து சொல்ல வந்தவர்கள். "உங்கள் பெட்டி அருமையாகத் தெரிகிறது!" "இடாஹோவிலிருந்து வணக்கம்!" "இந்தத் தொடர்பை உறுதி செய்து ஓர் அட்டை அனுப்புவீர்களா? சுவரில் மாட்டிக்கொள்வேன்." இது போதாதென்று, யார் உள்ளே வந்தாலும் ஏழு பெட்டிகளின் வரலாற்றை நாற்பது வரிகளில் சொல்லும் வரவேற்புரை ஒன்றை வெர்லின் எழுதி வைத்திருந்தான். வந்த ஒவ்வொருவருக்கும் அது தானாகவே போனது. பத்திரமாக, முழுசாக, நாற்பது வரியும் போனது. மாத்திரைப் பட்டியல் பின்னால் வரிசையில் நின்றது.

"உன் வரலாற்ற நிறுத்துடா!" என்று கத்தினேன்.

"நிறுத்தச் சொல்லி ஆணை போட்டாச்சு. அந்த ஆணையும் வரிசையிலதான் நிக்குது."

எல்டன் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பினார்: "தயவுசெய்து அமைதியாக இருக்கவும்." உடனே உள்ளே நுழைந்திருந்த தொண்ணூறு பேரும், ஆளுக்கொரு செய்தியாக, "புரிந்தது, அமைதியாக இருக்கிறேன்" என்று பதில் போட்டார்கள். அது தீர ஐம்பது நிமிஷம் ஆனது. நான் மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வழி திறந்தது. வெர்லின் அடிக்க ஆரம்பித்தான். பேர், மருந்து, அளவு, கையிருப்பு. தபால்காரருக்குத் தைராய்டு. பாதிரியாருக்குத் தூக்கமில்லை. ஆறாவது பேர் குவிஸ்ட், சர்க்கரை வியாதி. எத்தனை வருஷமாக, எத்தனை டோனட்! நான் திரும்பிப் பார்த்தபோது கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, தலைவரைக் காணோம்.

பத்தாவது வரியை முடித்துவிட்டு வெர்லின் தாளை மடித்தான். எல்டன் கேட்டார்: "மொத்தம் எத்தனை?" அவன் ஒன்று, பூஜ்யம் என்று தட்டினான். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"பதினொண்ணு எங்க?"

"பத்துதான்."

"ராஸ்லின் பதினொண்ணுன்னா. நான் இங்கதான் இருந்தேன். தாளக் கொடு."

கொடுக்கவில்லை. பிடுங்கினேன். கடைசி வரி ராஸ்லினின் கோணல் கையெழுத்தில் இருந்தது. டெஷ், வெர்லின். இதயத் துடிப்புக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. இரண்டு நாளுக்கு இருக்கிறது. தலைசுற்றல் உண்டு, உயரத்தில் ஏறவே கூடாது.

அதற்கு முந்தைய வாரம்தான் நூறடிக் கோபுரத்தில் அவன் பனி தட்டிக்கொண்டிருக்க, நான் கீழே நின்று வேடிக்கை பார்த்திருந்தேன்.

"எவ்வளவு நாளா?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"ஆர்டாவுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா பெல்ட்ட எடுத்து ஒளிச்சு வெச்சிடுவா. அப்புறம் யாரு ஏறுவா? நீயா? குவிஸ்ட்டா? பெட்டி ஒண்ணு ஒண்ணா சாகும், நோலா. பாத தொறக்க ரெண்டு வாரம்தானே, மாத்திர இல்லாம சமாளிச்சிக்கறேன்."

"சமாளிக்காட்டி?"

"சமாளிச்சிக்கறேன்னு சொல்றேன்ல."

நான் வழக்கமாக இந்த இடத்தில் எதையாவது எடுத்து அடித்திருப்பேன். அன்றைக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஆனால் பயத்தில் எனக்குக் குரல் தாழ்வதில்லை.

"ஒம்பது வருஷமா ஒரே ஒரு உண்மையான செய்தி வேணும்னு உசுர எடுத்த. இப்போ வந்திருக்கு. மொத மொதலா வந்ததையே பொய்யா அனுப்பப் போறியா? இதுக்காடா அத்தன மல ஏறின?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் எல்டன் மறுபடியும் "மொத்தம்?" என்று கேட்டார். வெர்லின் அந்த பூஜ்யத்தை அழித்தான். தன் பேரைத் தட்டினான், மருந்தைத் தட்டினான். உயரத்தில் ஏறக் கூடாது என்ற குறிப்பையும் விடவில்லை. அதை மட்டும் விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். மொத்தம் பதினொன்று என்று போட்டு அழுத்தினான். பெட்டி கீச்சிட்டது.

"பதினொன்று கிடைத்தது" என்று எல்டன் எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது: "வெர்லின், அது நீயா?"

"ஆமாம்."

அமைதியாக இருப்பதாகச் சத்தியம் செய்த தொண்ணூறு பேரும் அதன்பின் சும்மா இருப்பார்களா? "கீரை அதிகம் சாப்பிடாதே." "என் மைத்துனனுக்கும் அதே மாத்திரைதான், காலையில் போடாதே, ராத்திரி போடு." "பாதிரியாருக்கு வெதுவெதுப்பான பால் கொடுத்துப் பாருங்கள்." வயோமிங்கில் ஒருவர் மட்டும், பதினோராவது வரி மிகத் தெளிவாகக் கிடைத்ததாகவும் அதற்குத் தனியாக ஓர் அட்டை வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அதையும் பதிவில் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. பதினொரு பொட்டலம், எல்லாவற்றிலும் பேர் ஒட்டியிருந்தது. ஊரே கை தட்டியது.

ஆர்டா அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. புதன்கிழமை மாலையே பள்ளி பஸ்ஸைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பெட்ரோல் பங்க் பையன் ரேடியோவுல படிச்சிட்டு வந்து சொல்றான், 'உங்க வீட்டுக்காரருக்கு இதயக் கோளாறாமே, தைரியமா இருங்க'ன்னு. பெட்ரோல் பங்க் பையன்! முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு நமக்கு. இடாஹோவுக்குத் தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியணுமா?"

"ஆர்டா, நான்..."

"பெல்ட் எங்க?"

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு போனாள். பஸ் போன பிறகு வெகுநேரம் அவன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது, எரிச்சலும் போகவில்லை.

அதன் பிறகு கிளப்பின் பொற்காலம். பேப்பரில் படம் வந்தது. குவிஸ்ட் நடுவில் நின்றிருந்தார். வாழ்த்துக் கடிதங்களை ஒட்ட ஒரு பலகை வாங்கினோம். புதிதாக இருபது பேர் சேர்ந்தார்கள். ஜூலையில் ஒரு மதியம் சாடில் முகட்டில் இடி விழுந்து, முதல் பெட்டி செத்தது. முதல் பெட்டி போனால் மற்ற ஆறும் யாருக்கு? சனிக்கிழமைக் கூட்டத்தில் ஏறுவது யார் என்று கேட்டேன். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு இன்ஷூரன்ஸ். குவிஸ்ட், இப்போது டோனட் இல்லாமல், இதை ஒரு கமிட்டி ஆராயும் என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த வெர்லின் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆர்டா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கெளம்பு. நேத்து அவன் வண்டில கயிறு சுருட்டி வெச்சிருந்தான். பெல்ட் இல்லாமலே ஏறிடுவான். எனக்குத் தெரியும் அவன."

வெர்லின் பிக்கப்பின் நடு இருக்கையில், பிடிபட்ட ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தான். முகட்டுக்குப் போனதும் ஆர்டா இருக்கைக்கு அடியிலிருந்து பெல்ட்டை எடுத்தாள். அவன் கண் பிரகாசித்தது. அவள் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"ஆர்டா, வெளையாடாத. ஒனக்கு அறுபத்தி நாலு."

"நாப்பது வருஷமா பஸ் ஸ்டியரிங் திருப்புற கை இது. கொக்கிய எப்படி மாட்டணும், அத மட்டும் சொல்லு."

வேறு வழியில்லாமல் சொல்லிக்கொடுத்தான். ஒரு கொக்கி எப்போதும் மாட்டியே இருக்கணும், ஒன்றை மாட்டாமல் இன்னொன்றைக் கழற்றக் கூடாது. நாலு தடவை சொன்னான். புதுப் பெட்டியைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் நுனியை அவள் பெல்ட்டில் மாட்டி, சட்டைப் பையில் கைரேடியோவைச் செருகினான். அவள் ஏறினாள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். வெர்லின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தது, கோபுரம் முனகியது. முப்பத்தொரு வருஷமும், அதற்குப் பிறகு ஒன்பது வருஷமும், ஒருவர் மேலே ஏற இன்னொருவர் கீழே நிற்பது எப்படி இருக்கும் என்று அவன் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வாய் உலர்ந்து நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தான்.

உச்சிக்குப் போய்ப் பெட்டியையும் மேலே இழுத்துக்கொண்ட பிறகு ரேடியோவில் அவள் குரல் வந்தது.

"சரி, வந்தாச்சு. இங்க நாலு கம்பி கருகித் தொங்குது. மொதல்ல எத மாட்டணும்?"

வெர்லினின் கன்னம் நனைந்திருந்தது. காற்றில் கண் கலங்கிவிட்டது என்று பிற்பாடு சொன்னான், நானும் சரி என்றேன்.

"வெர்லின்! எந்தக் கம்பி?"

"எறங்கி வந்துடு, ஆர்டா."

"என்னது? பெட்டி?"

"பெட்டி நாசமாப் போகட்டும். ஏழும் போகட்டும். நீ மெதுவா, பாத்து எறங்கி வா. அது போதும்."

மேலே கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"முப்பத்தெட்டு வருஷம் நான் கீழ நின்னேன்ல?" என்றாள் ஆர்டா. "இப்போ நீ நில்லு. அழறத அப்புறம் வெச்சிக்கலாம். எந்தக் கம்பின்னு சொல்லு, கை வலிக்குது."

வெர்லின் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சிவப்பு" என்றான்.